டொடோமாவுக்குப் புறப்படும் தேவகோட்டைத் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மே மாதம் டான்சானியா போய் டொடோமா பக்கத்து மிஷனில் பிள்ளைகள் விடுதியும் இரண்டு அறை மருந்தகமும் கட்டிக் கொடுக்கப் போகிறாய் என்று பங்குச் சாமியார் சொன்னார். சந்தோஷம். லிஸ்பனிலிருந்து வந்த மிஷனரி அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) 1693-ல் ஓரியூரில் வெட்டினார்கள். அந்த மண்ணுக்குப் பக்கத்துப் பையன் இப்போது கொத்துக்கரண்டியைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டுகிறாய்.

நீ அனுப்பிய பிளானைப் பார்த்தோம். சுவர், ஜன்னல், படுக்கை வரிசை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. தண்ணீரைத்தான் காணோம். கூரைக்கு வாய்க்கால் இல்லை, தொட்டிக்கு இடம் இல்லை, வேலை நடக்கும்போது தண்ணீர் எங்கிருந்து வரும் என்று ஒரு வரிகூட இல்லை. நம் பக்கத்து வீடுகளில் நாலு தாழ்வாரத்து மழையும் முற்றத்தில் விழுந்து அண்டாவுக்கும் கிணற்றுக்கும் போகிற மாதிரிதான் கட்டியிருக்கிறார்கள். அத்தங்குடிக் கல்லையும் முட்டை வெள்ளைக்கரு போட்ட சுண்ணாம்புப் பூச்சையும் ஊரிலேயே விட்டுப் போ. அந்த முற்றத்துக் கணக்கை மட்டும் கொண்டுபோ. வராந்தாவுக்கு அத்தங்குடிக் கல் போடலாம் என்று எழுதியிருக்கிறாயே, ஒரு கல் உடைந்தால் மாற்றுக்கல் அங்கே யார் வார்ப்பார்கள்? தேய்த்து மெருகேற்றிய சிமென்ட் தரை போதும். வேண்டுமானால் சிவப்பு ஆக்சைடு தூவிக்கொள்.

டொடோமாவில் ஆண்டுக்கு 550 முதல் 600 மி.மீ. மழை. அதுவும் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலோடு சரி. மே முதல் நவம்பர் வரை வானம் எட்டிப் பார்க்காது. உன் விடுதிக் கூரை 20 மீட்டருக்கு 6 மீட்டர், 120 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. பெய்தால் ஒரு லிட்டர். தெறிப்பது, ஆவியாவது, வழிவது எல்லாம் கழித்து 0.8 என்று வைத்தால் 550 மி.மீ. மழைக்கு 52,800 லிட்டர். நாற்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கு 15 லிட்டர் என்றால் 210 வறண்ட நாளைக்கு 1,26,000 லிட்டர் வேண்டும், பாதிகூடத் தேறாது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு 5 லிட்டர் என்றால் 42,000 போதும், அது தேறும். ஆக, கூரைத் தண்ணீர் அடுப்படிக்கு, துவைக்கக் குளிக்க அடிபம்பு. இதை முதல் நாளிலேயே சிஸ்டர்களிடம் சொல்லிவிடு. தொட்டியைப் பார்த்ததும் எல்லாரும் துணியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

ஒரே பெரிய தொட்டி வேண்டாம். 4 மீட்டர் விட்டம், 2 மீட்டர் உயரத்தில் ஃபெரோசிமென்ட் (கம்பிவலை மேல் சிமென்ட் பூசிய) தொட்டி இரண்டு கட்டு. ஒன்று 25,000 லிட்டர் பிடிக்கும். ஒன்றைக் கழுவும்போது மற்றது இருக்கும். வெல்டு மெஷ் மேல் கோழிவலை, அதன்மேல் சுற்றுக்கம்பி. கம்பிச் சுற்று அடியில் நெருக்கமாகவும் மேலே போகப்போக அகலமாகவும் வர வேண்டும், ஏனென்றால் தண்ணீரின் அழுத்தம் அடியில்தான். கலவை ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல். கசிவு எப்போதும் சுவரும் தரையும் சேரும் மூலையில்தான் தொடங்கும். உள்பக்கம் அந்த மூலையில் 10 செ.மீ. சரிவாகக் கலவை வைத்து மெழுகு. தொட்டியை ஒருநாளும் முழுக்கக் காயவிடாதே. அடியில் ஒரு சாண் தண்ணீர் நிற்கட்டும். காய்ந்தால் மயிரிழை விரிசல் விடும், அடுத்த மழையில் ஒழுகும். தண்ணீர் வரும் வாய், வழியும் குழாய் இரண்டுக்கும் கொசுவலை கட்டாயம். அது மலேரியா ஊர்.

வாய்க்காலுக்கு 100-க்கு 1 வாட்டம் கொடுத்தால் 20 மீட்டர் நீளத்துக்கு 20 செ.மீ. இறங்கும். கூரை விளிம்பு 2.7 மீட்டரில் இருந்தால் தண்ணீர் வாய்க்கால் முனைக்கு வரும்போது 2.5 மீட்டர், தொட்டி வாய் அதற்குக் கீழே இருந்தாக வேண்டும். தொட்டியை முதலில் உயரமாகக் கட்டிவிட்டு, பிறகு வாய்க்காலை எதிர்வாட்டமாக முறுக்கிக் கட்டிய மிஷன்கள் இருக்கின்றன. வாய்க்காலை நடுவில் பிரித்து இரு பக்கமும் வாட்டம் விட்டு, முனைக்கு ஒரு தொட்டி வைத்துவிடு, பிரச்சினை பாதியாகும். ஏழு மாதத் தூசும் பறவை எச்சமும் முதல் மழையில்தான் வரும். அரை மி.மீ. மழையைக் கழிக்க 60 லிட்டர் போக வேண்டும். நாலு இஞ்ச் குழாயை நட்டு வைத்தால் மீட்டருக்கு 8 லிட்டர்தான் பிடிக்கும், காணாது. முனைக்கு ஒரு சின்ன டிரம் வைத்து, அடியில் திறப்பு வை.

இனி கட்டும் தண்ணீர். ஒரு மூட்டை சிமென்ட் கலக்க 25 முதல் 30 லிட்டர். செங்கல் நனைக்க, க்யூரிங்குக்கு (போட்ட சிமென்டை ஈரமாக வைக்க) எல்லாம் சேர்த்தால் மூட்டைக்கு 100 லிட்டர் என்று வைத்துக்கொள். 300 மூட்டை வேலைக்கு 30,000 லிட்டர். இதை மிஷன் அடிபம்பில் எடுத்தால் ஊர்ப் பெண்கள் குடத்தோடு நிற்பார்கள்; நியாயமாகவே கோபப்படுவார்கள். அதனால் தொட்டி ஒன்றை முதல் வேலையாகக் கட்டி, பவுசரில் (தண்ணீர் லாரியில்) தண்ணீர் வாங்கி நிரப்பு. தண்ணீர் உப்பாக இருந்தால் அஸ்திவாரத்துக் கல் வேலைக்கு ஓட்டிக்கொள்ளலாம், கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கூடாது. வாயில் வைத்துக் குடிக்க முடியாததைப் பெல்ட்டுக்கும் (சுவரைச் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டை) லிண்டலுக்கும் (கதவு ஜன்னல் மேல் விட்டம்) ஊற்றாதே, உள்ளே கம்பி துருப்பிடித்து வெடிக்கும்.

வறண்ட மாதங்களில் அங்கே காற்று அடித்துக்கொண்டே இருக்கும், ஈரப்பதம் கிடையாது. நம்மூர் ஐப்பசிப் பழக்கத்தில் காலை பத்து மணிக்குத் தளம் போட்டால், மட்டப்பலகை இழுத்து முடிக்கும் முன்பே மேல்பரப்பு காய்ந்து கோடு கோடாக விரியும். கலவை கெட்டுப்போனது என்று மேஸ்திரி இன்னும் தண்ணீர் ஊற்றுவார். அதுதான் தப்பு, பலம் போகும், விரிசலும் நிற்காது. பிற்பகல் நாலு மணிக்கு மேல் போடு, தரையை முன்பே நனை, போட்ட இடத்தை உடனுக்குடன் பாலிதீனால் மூடு, மறுநாள் காலையிலிருந்து ஈரச்சாக்கு. குறைந்தது ஏழு நாள், அங்கே கிடைப்பது கலப்பு சிமென்ட் என்றால் பத்து நாள். சாக்கு நனைக்க என்றே ஓர் ஆளுக்குத் தனிக்கூலி கொடு. "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

அளவுக்குத் தள்ளுவண்டியைத்தான் காட்டுவார்கள். ஒருவர் தட்டி நிரப்புவார், ஒருவர் குவித்து நிரப்புவார். 40 × 35 × 25 செ.மீ. பெட்டி ஒன்று பலகையில் அடித்துவிடு. சரியாக 35 லிட்டர், ஒரு மூட்டை சிமென்டின் கொள்ளளவு. மணல் காய்ந்த ஆற்றுப்படுகையிலிருந்து வரும். கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், மேலே உப்புத் தண்ணீர், குலுக்கி மூன்று மணி நேரம் வை. மேலே படியும் வண்டல் மணல் உயரத்தில் நூற்றுக்கு எட்டைத் தாண்டினால் வண்டியைத் திருப்பி அனுப்பு.

சுவருக்கு அந்த ஊர் செங்கல் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. விறகு வைத்துச் சூளை போடுகிறார்கள், மரம் போகிறது. அளவும் கோணல், அதனால் இணைப்புக்கலவை இரண்டு விரல் கனம் போய் சிமென்டைத் தின்னும். நம் சரளைச் செம்மண் மாதிரியே அங்கேயும் செம்மண் இருக்கிறது. அதில் சிமென்ட் சேர்த்து அழுத்திய மண்கல் நன்றாக வரும். மண்ணைச் சோதிக்க 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழத்தில் ஒரு மரப்பெட்டி. உள்ளே எண்ணெய் தடவி, ஈரமண்ணை இடைவெளியில்லாமல் நிரப்பி, நிழலில் முழுக்கக் காயவிடு. மண் பட்டை நீளத்தில் 15 மி.மீ.க்குள் சுருங்கினால் 18 பங்கு மண்ணுக்கு 1 பங்கு சிமென்ட் போதும். 45 முதல் 60 மி.மீ. என்றால் 12-க்கு 1. அதற்கும் மேல் சுருங்கினால் களிமண் அதிகம், மணல் கலக்க வேண்டும். மேல்மண்ணை முழங்கால் ஆழம் ஒதுக்கிவிட்டுத்தான் தோண்டு, வேரும் மக்கும் கல்லைக் கெடுக்கும். அடித்த கல்லை ஒரு வாரம் பாலிதீனுக்குள் ஈரமாக வை; 28 நாள் கழித்துச் சுவரில் ஏற்று. கரும்களி கிடக்கும் பள்ளத்தில் அஸ்திவாரம் வேண்டவே வேண்டாம்.

கூரைத் தகரத்துக்கு 28 கேஜ் வாங்கு. 30 மலிவு, ஆனால் மிதித்தால் மடங்கும். ஆணி தகரத்தின் நெளி மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் இறங்கினால் மழைக்கு அதுவே ஓட்டை. பெல்ட் கான்கிரீட் போடும்போதே 8 மி.மீ. கம்பியை மேலே நீட்டிவிட்டு, கைமரத்தைச் சுற்றி முறுக்கிக் கட்டு. மழை தொடங்கும் முன் வரும் சூறைக்காற்று கூரையை அமுக்காது, தூக்கும். மரம் எதுவும் தரையைத் தொடக்கூடாது, கறையான்.

அடிபம்பு உனக்குத் தெரிந்ததுதான். நம் தெருமுனைகளில் நிற்கும் இந்தியா மார்க் 2 ஆப்பிரிக்கா முழுக்கப் போயிருக்கிறது. காலையில் முதல் தண்ணீர் வர நெடுநேரம் அடிக்க வேண்டியிருந்தால் அடிவால்வு கசிகிறது. தண்ணீர் உடனே வந்து குடம் மட்டும் நிறைய மாட்டேன் என்றால் வாசர் தேய்ந்துவிட்டது. சிவப்பாக வந்தால் தண்ணீரின் அமிலம் இரும்புக் குழாயை அரிக்கிறது. வாசர் மாற்றிப் பயனில்லை. புதிதாகப் போடுவதானால் 45 மீட்டர் ஆழம் வரை ஆஃப்ரிடெவ் என்ற அடிபம்பு நல்லது. குழாய் பி.வி.சி., ஒரே ஸ்பானரில் ஊர்க்காரர்களே பிரித்து மாட்டலாம்.

கழிப்பறைக் குழி கிணற்றிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கட்டும். காற்றுக்குழாய் 150 மி.மீ., கூரைக்கு மேல் அரை மீட்டர், உச்சியில் துருப்பிடிக்காத வலை. உள்ளே இருட்டாக இருந்தால்தான் ஈ வெளிச்சத்தைத் தேடிக் குழாயில் ஏறி வலையில் மாட்டிச் சாகும். அழகுக்கு ஜன்னல் வைத்தாலோ குழி வாயை மூடி வைத்தாலோ வேலை செய்யாது.

அன்றாடம் பற்றிக் கொஞ்சம். சுவாகிலிக் கணக்கில் மணி காலை ஆறிலிருந்து தொடங்கும். மேஸ்திரி "இரண்டு மணிக்கு லாரி" என்றால் நம் எட்டு மணி. கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள். சோளமாவுக் களி, பீன்ஸ், கீரை. மூன்றாம் நாளே சாம்பார் கேட்கும், பருப்பு கிடைக்கும், புளியும் கிடைக்கும். ஞாயிறு பூசை பாட்டும் மேளமுமாக இரண்டு மூன்று மணி நேரம் போகும், அன்று வேலை பேசாதே. டிசம்பரில் முதல் மழை விழுந்ததும் ஆட்கள் விதைக்கப் போய்விடுவார்கள், லாரியும் களிமண் சாலையில் இறங்காது. ஆகவே ஜூனில் அஸ்திவாரம், அக்டோபருக்குள் கூரை, நவம்பர் கடைசிக்குள் வாய்க்கால். எதைத் தள்ளிப்போட்டாலும் வாய்க்காலைத் தள்ளிப்போடாதே; ஒரு மழைக்காலம் முழுதும் தண்ணீர் வீணாய்ப் போகும்.

தூக்குக்குண்டு, ரசமட்டம், மட்டம் பார்க்க 15 மீட்டர் டியூப் இவற்றைக் காரைக்குடியிலேயே வாங்கிக்கொள், பெட்டியில் அடங்கும். போய் இறங்கிய வாரமே மரப்பெட்டியில் மண்ணை நிரப்பிவிடு. சுருக்கம் எத்தனை மி.மீ. என்று எழுது, சிமென்ட் மூட்டைக் கணக்கு போட்டு அனுப்புகிறோம். அதுவரை ஆர்டர் கொடுக்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்மார்