கேரவன் சோலார்: பேனலை மாற்றுமுன் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வேனைக் கேரவனாக மாற்றுபவர்கள் கூரையில் சோலார் பேனலும் உள்ளே 12 வோல்ட் பேட்டரியும் வைத்துக்கொள்கிறார்கள். சார்ஜ் ஏறாமல் போனால் பல கடைகளில் முதலில் கிடைக்கும் பதில், ‘பேனல் போயிடுச்சு, புதுசு போடுங்க’ என்பதுதான். கண்ணாடிப் பேனல் அத்தனை சீக்கிரம் கெடுவதில்லை. குலுங்கி ஓடும் வண்டியில் முதலில் தளர்வது இணைப்புகள். அவற்றைக் கண்டுபிடிக்க வோல்டேஜும் கரண்டும் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் போதும்.

பேட்டரி நிறைந்திருந்தால், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் தானாகவே கரண்டைக் குறைத்துவிடும், அது பழுதல்ல. விளக்கு, ஃபேன் ஓடவிட்டு பேட்டரியைச் சற்று இறக்கிய பிறகே சோதிக்க வேண்டும். விலை குறைந்த பிடபிள்யூஎம் (PWM) வகைக் கன்ட்ரோலர், பேனலைப் பேட்டரியின் வோல்டேஜுக்கே இழுத்துவிடும். 100 வாட் பேனல் 5.5 ஆம்பியர் கொடுத்தாலும் 13 வோல்ட்டில் 70 வாட் சொச்சம்தான் கிடைக்கும். இதுவும் பழுதல்ல.

நிழலைப் பலர் கவனிப்பதே இல்லை. கூரை ஏசியின் நிழல் ஒரே ஒரு செல்லை முழுதாக மறைத்தாலும், 36 செல் பேனலில் அந்தப் பக்கத்து 18 செல்களையும் பைபாஸ் டயோடு (கரண்டைச் சுற்றுவழியில் விடும் சிறு பாகம், பாதிக்கு ஒன்று) ஒதுக்கிவிடும். மீதிப் பாதி தரும் 9 வோல்ட் சொச்சத்தால் 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற முடியாது. வண்டியை நகர்த்தி நிறுத்திப் பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள்.

நடுப்பகலில், பேனலைத் துடைத்து, கெட்டியான போர்வையால் மூடிய பிறகே கனெக்டரைக் கழற்ற வேண்டும். கரண்ட் ஓடும்போது பிடுங்கினால் டிசி மின்பொறி எளிதில் அணையாது. பிறகு போர்வையை எடுத்து வோல்டேஜை அளக்கவும். லேபிளில் 22 வோல்ட் என்றிருந்தாலும், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 சதவீதம் குறையும். மே மாத வெயிலில் செல்கள் 65 டிகிரிக்குச் சூடாகியிருந்தால் 19 வோல்ட் சரியான அளவுதான். 10, 11 வோல்ட் காட்டினால் இரண்டு டயோடுகளில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். டயோடுகள் இருக்கும், பேனலின் பின்புறப் பெட்டி பசை ஊற்றி அடைக்கப்படாமல் இருந்தால் டயோடை மட்டும் மாற்றலாம்.

வோல்டேஜ் சரி என்றதும் சோதனையை நிறுத்திவிடுவதுதான் பெரிய தவறு. மீட்டர் எடுத்துக்கொள்ளும் கரண்ட் மிகமிகச் சொற்பம். ஒற்றை இழையில் தொங்கும் வயர்கூட முழு வோல்டேஜைக் காட்டும். ஆகவே ஷார்ட் சர்க்யூட் கரண்ட்டையும், அதாவது பேனலின் இரு முனைகளையும் நேராக இணைத்தால் ஓடும் கரண்ட்டையும், அளக்க வேண்டும். பேனலை மறுபடி மூடி, மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றித் தனியாக்கிய பேனலின் இரு முனைகளிலும் இணைத்துவிட்டு, போர்வையை விலக்குங்கள். நல்ல வெயிலில் 100 வாட் பேனல் 5 ஆம்பியருக்கு மேல் காட்ட வேண்டும். பேட்டரியில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. வோல்டேஜ் இருந்து கரண்ட் இல்லையென்றால் கனெக்டரின் உள்முனையைப் பாருங்கள். பேனல் வயர்களில் வரும் எம்சி4 (MC4) வகைக் கனெக்டர்கள் வெவ்வேறு கம்பெனியுடையவையாக இருந்தால், ஒன்றோடொன்று பொருந்துவதுபோல் தெரிந்தாலும் உள்ளே பிடிப்பு தளர்ந்து, சூடேறி உருகும்.

பேனல் நன்றாக இருந்தால், எல்லாவற்றையும் இணைத்துச் சார்ஜ் ஏறும்போதே கன்ட்ரோலரின் பேட்டரி முனையிலும், பேட்டரியின் மேலேயும் வோல்டேஜை அளந்து ஒப்பிடுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஃபியூஸ் ஹோல்டர், லக் (வயர் நுனியில் அழுத்திய உலோக முனை), வயர் இவற்றில் ஒன்றில்தான் கோளாறு. 1.5 சதுர மி.மீ. வயரை 5 மீட்டர் தூரம் இழுத்திருந்தால், போக வர 10 மீட்டரில், 6 ஆம்பியருக்கே முக்கால் வோல்ட் வீணாகிறது. கன்ட்ரோலர் 14.4 வோல்ட் எட்டிவிட்டதாக எண்ணிக் கரண்டைக் குறைக்கத் தொடங்கும், பேட்டரிக்கோ 13.6 சொச்சம்தான் போய்ச் சேர்ந்திருக்கும். எந்நாளும் அரைகுறையாகச் சார்ஜ் ஆகும் லெட் ஆசிட் பேட்டரி தகடுகளில் சல்பேட் படிந்து வீணாகும். குற்றம் பேனல் மேல் விழும்.

கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் மாட்டினால் பல கன்ட்ரோலர்கள் கெட்டுவிடும்.

கரூரிலும் மற்ற ஊர்களிலும் பாடி கட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கன்ட்ரோலரைப் பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கள். பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் போடுங்கள். பிளைவுட்டுக்குப் பின்னால் ஜாயின்ட் விடாதீர்கள். வயரிங் படம் ஒன்றை வண்டியோடு கொடுங்கள்.

வாகன எலக்ட்ரீஷியன்,
கரூர்