வீடுன்னு சொன்னதுக்கு சாவின்னு சொன்னியே

கண்ணு பாப்பா,

மல்கோவா ஆறு, குண்டு மாங்கா கொஞ்சம், தட்டுவடை ரெண்டு பாக்கெட்டு, எள்ளுப்பொடி எல்லாம் இந்த பார்சல்ல வெச்சிருக்கேன். பூண்டு சட்னி வெக்கல, புனே போய் சேர்றதுக்குள்ள கெட்டுரும்னு உங்கப்பா சொல்லிட்டாரு. இத வாட்சப்புலயே அனுப்பிடலாம்ல ஏம்மா பேப்பர்ல எழுதறன்னு தம்பி கேட்டான், போன்ல அனுப்புனா யாரு கையில போன் இருக்குமோ என்னமோன்னு எனக்கு மனசு வரல.

இங்க எல்லாரும் சௌக்கியம். கண்ணங்குறிச்சில நாலு நாளா சாயங்காலம் ஆனா மழை. எதுத்த வீட்டு டீச்சரம்மா ஏற்காட்டுக்கு போயிட்டு வந்து ஒரே கூட்டம்னு சொன்னாங்க, அதெல்லாம் அப்பறம் எழுதறேன்.

போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல வார்த்தை விளையாட்டு விளையாடுனோம்ல. எத்தன வருஷம் ஆச்சு எல்லாரும் அப்படி உக்காந்து. தம்பி மழைன்னான், நீ பட்டுன்னு பஜ்ஜின்ன, உங்கப்பா பேப்பர்னாரு, சின்ன மாமா பேப்பருக்கு பத்திரம்னாரு, நான் பத்திரத்துக்கு வீடுன்னேன். அடுத்தது நீ. அது வரைக்கும் டக்கு டக்குன்னு சொல்லிட்டு இருந்தவ நீ நின்னுட்ட. உனக்கு பின்னால ஃபேன் சுத்தறது தெரியுது, ஒரு தடவ பக்கவாட்டுல திரும்பி பாத்த, அப்பறம் சாவின்ன. லைன் வேற கரகரன்னு இருந்துச்சு, மொதல்ல எனக்கு அது வேற ஒரு வார்த்தையா காதுல விழுந்துச்சு, அத இங்க நான் எழுத மாட்டேன், எனக்கு கை கால் எல்லாம் வெலவெலத்து போச்சு. தம்பி பூட்டுன்னான், மாமா திண்டுக்கல்லுன்னாரு, மாமா பொண்ணு பிரியாணின்னா, எல்லாரும் சிரிச்சு பிரியாணிலயே போயிட்டாங்க, நீயும் சிரிச்ச. நான் மட்டும் அந்த சாவிகிட்டயே நின்னுட்டேன், இன்னிக்கு வியாழக்கிழமை, இன்னும் அங்கயேதான் நிக்கறேன்.

வேளைக்கு சாப்பிடு சாமி. ஆபீஸ்ல எவ்ளோ வேலை இருந்தாலும் மத்தியானம் ஒரு வாய் சோறு உள்ள போகணும். உன் ஏடிஎம் கார்டு உன் கைப்பையிலயே இருக்கட்டும்.

மாமா பொண்ணு சைக்காலஜி படிக்கறால்ல, அவகிட்ட சும்மா கேக்கற மாதிரி கேட்டேன், உன் பேர சொல்லல. நம்ம விளையாட்ட டாக்டருங்க எல்லாம் சோதனையாவே பண்ணிருக்காங்களாம். இங்கிலாந்துல கால்டன்னு ஒருத்தர் 1879ல 75 வார்த்தைய சீட்டுல எழுதி வெச்சு, ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்து மனசுல மொதல்ல என்ன வருதுன்னு தனக்குத்தானே குறிச்சிக்கிட்டாராம், வந்ததுல நெறைய அவரோட சின்ன வயசு ஞாபகமாம். அப்பறம் ஸ்விட்சர்லாந்துல கார்ல் யுங்குன்னு ஒரு டாக்டரு, 100 வார்த்தை வெச்சிருந்தாராம், தலை, பச்சை, தண்ணின்னு ஆரம்பிக்கும், கையில ஸ்டாப் வாட்ச், ஒரு செகண்ட அஞ்சா பிரிச்சு அளப்பாராம். என்ன பதில் சொல்றாங்கங்கறத விட எந்த வார்த்தைக்கு தயங்கறாங்க, எங்க சிரிக்கறாங்க, எங்க கேட்ட வார்த்தையவே திருப்பி சொல்றாங்கன்னுதான் அவரு கவனிப்பாராம், அந்த எடத்துல உள்ள ஏதோ அழுத்துதுன்னு கணக்காம். எல்லாம் முடிச்சுட்டு அதே 100 வார்த்தைய திரும்ப படிச்சு, மின்ன என்ன பதில் சொன்னீங்கன்னு கேப்பாராம். அழுத்தற வார்த்தைக்கு சொன்ன பதிலுதான் பெரும்பாலும் மறந்து போகுமாம். இத வெச்சு வீட்ல யாரையும் எடை போடக்கூடாது அத்தைன்னு கடைசில அவளே சொன்னா, எதுக்கு கேக்கறன்னு புரிஞ்சிருச்சோ என்னமோ. சரிம்மான்னு சொல்லிட்டு அடுப்படிக்கு வந்து நின்னா பால் பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சு கெடக்குது.

எங்களுக்கு ஸ்டாப் வாட்ச் எங்க இருந்துச்சு. உங்க அப்புச்சி மூணு வெரல மடக்குவாரு, மூணாவது வெரல் மடங்கறதுக்குள்ள சொல்லணும், அவ்ளோதான். நாகலூருக்கு அவங்க வீட்டுக்கு போறப்ப பஸ் மலை ஏற ஆரம்பிச்சாலே நீ வாந்தி எடுப்ப, எலுமிச்சம்பழம் கொடுத்தாலும் நிக்காது, புளிப்பு மிட்டாய் கொடுத்தாலும் நிக்காது, அதுக்குன்னு உங்க அம்மாயி கண்டுபுடிச்சதுதான் இந்த விளையாட்டு. 20 கொண்டை ஊசி வளைவுக்கும் 20 வார்த்தை. போர்டு தெரிஞ்சா புது வார்த்தை ஆரம்பிக்கணும். வளைவு திரும்பறதுக்குள்ள ஒரு சுத்து வந்துரும். நீ ஜன்னல் கம்பிய புடிச்சுக்கிட்டு போர்டயே பாத்துட்டு வருவ, வாந்தி மறந்து போயிரும். மழைன்னா அப்புச்சி காபிப்பூம்பாரு, எஸ்டேட்டு கணக்கு எழுதுனவரு, பூ எடுக்கற நேரத்துக்கு ஒரு மழை பெய்யணுமேன்னே வருஷம் பூரா இருப்பாரு. அம்மாயிக்கு எதுக்கு எடுத்தாலும் சேர்வராயன்தான். கடைசி வளைவு தாண்டி குளுந்த காத்து மூஞ்சில அடிக்கற வரைக்கும் நிறுத்த மாட்டோம்.

அப்புச்சி வெச்ச சட்டம் ஒண்ணே ஒண்ணு. யாரு என்ன சொன்னாலும் ஏன்னு கேக்கக் கூடாது.

அதனாலதான் ஞாயித்துக்கிழமையும் நான் கேக்கல.

ஆனா பாப்பா, பங்குனில நம்ம வாசக்கதவு பூட்டு மாத்துனத உன்கிட்ட சொன்னேன்ல, அத நெனச்சுதான் சாவின்னு வந்துச்சோன்னு எனக்கு நானே சொல்லிக்கறேன். உன்கிட்ட இருக்கற பழைய சாவி இனி சேராதே. அப்படின்னா சரி. நீங்க இருக்கற ஃப்ளாட்டுக்கு எத்தன சாவின்னு கூட எனக்கு தெரியாது, நான் கேட்டதும் இல்ல. ரெண்டு பேரும் ஆபீஸ் போறவங்க, ஆளுக்கொண்ணு இருக்கும்தானே. மாப்பிள்ளை நல்லவருதான், நான் ஒண்ணும் சொல்லல. தீபாவளிக்கும் வரல பொங்கலுக்கும் வரல, லீவு இல்லன்னா என்ன பண்ண முடியும், ஆனா போன்ல பேசுனா முன்னெல்லாம் ஒரு மணி நேரம் பேசுவ, இப்ப நாலு நிமிஷத்துல வெச்சர்ற. உன் டீம்ல எட்டு பேருக்கு மேல நீதான்னு தம்பி சொன்னான், அத கூட நீ என்கிட்ட சொல்லல, நான் அக்கம்பக்கம் எல்லாருக்கும் சொல்லிட்டேன். அவ்ளோ பெருமையா இருக்கு. பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சுருவ. கார்ட கைப்பையிலயே வெச்சுக்கோ, சொன்னேனா, இருக்கட்டும், திரும்பவும் சொல்றேன்.

இத எழுத உக்காந்ததே வேற ஒண்ணுக்கு, சுத்தி சுத்தி வர்றேன்.

நீ ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்ப, உங்கப்பா கொலுசுப் பட்டறைய மூடுன வருஷம். கடன் கொடுத்தவங்க திண்ணையில வந்து உக்காந்திருப்பாங்க. நான் ஸ்கூல்ல இருந்து வந்தவுடனே பொடவ கூட மாத்தாம ரூமுக்குள்ள போயி கதவ சாத்திக்குவேன். அழுவேன்னு இல்ல, சும்மா படுத்து கெடப்பேன். கதவுக்கடியில இருக்கற சந்துல உன் ரெண்டு காலும் தெரியும், கொலுசுல ஒரு பக்கம் முத்து விழுந்திருக்கும். நீ கூப்பிட மாட்ட, தட்ட மாட்ட, அப்படியே நிப்ப. நான் எந்திரிச்சு தெறக்க மாட்டேன்.

அந்த மே மாசம் மலைக்கு போறப்ப பதினாலாவது வளைவுல அம்மாயி வேணும்னு கேக்கல, வாய்ல வந்துச்சு, அம்மான்னாங்க. நீ ஒரு வெரல் கூட மடங்கல, கதவுன்ன.

பஸ்ல முன் சீட்டுல உக்காந்திருந்தவங்க கூட திரும்பி பாத்த மாதிரி இருந்துச்சு எனக்கு. நான் உன் தொடையில கிள்ளுனேன். காதுகிட்ட குனிஞ்சு சோறுன்னு சொல்லுடின்னேன். நீ என் மூஞ்சிய பாத்துட்டு சோறுன்ன. அப்புச்சி மடக்குன வெரல அப்படியே வெச்சுக்கிட்டு வெளிய பாத்துட்டு வந்தாரு. அன்னிக்கு ராத்திரி களத்துல நின்னுக்கிட்டு, கொழந்த சொன்னத நீ மாத்தலாமாம்மான்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டாரு. நான் பதில் சொல்லல.

அதுக்கப்பறம் எத்தன தடவ அம்மான்னு வந்தாலும் நீ சோறுன்னுதான் சொல்லுவ. சிரிச்சுக்கிட்டே சொல்லுவ. எல்லாரும் பாசக்கார புள்ளன்னுவாங்க, நானும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். யாருக்கு எது கேக்க நல்லா இருக்குமோ அத சொல்லணும்னு உனக்கு கத்துக் கொடுத்தது நான்தான் பாப்பா. முப்பது வருஷம் பசங்களுக்கு பாடம் நடத்துனேன், பதில அவங்களே யோசிச்சு சொல்லட்டும்னு விட்டவ, பெத்த புள்ளைய விடல. கிள்ளுன எடத்துல செவந்து போயிருந்துச்சு, குளிக்க வெக்கறப்ப பாத்தேன், அதுக்கும் ஒண்ணும் சொல்லல.

உனக்கு இது ஞாபகம் இருக்கோ இல்லையோ. இல்லன்னா அந்த டாக்டர் சொன்ன கணக்குதானோன்னு இன்னொரு பயம்.

ஞாயித்துக்கிழமை நீ சாவின்னப்ப ரொம்ப வருஷம் கழிச்சு நீ நெசமா ஒரு வார்த்தை சொன்ன மாதிரி எனக்கு பட்டுச்சு. தப்பா இருந்தா தப்பாவே இருக்கட்டும். நான் ஏன்னு கேக்கல. நீ சொன்னா கேட்டுக்கறேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், உங்கப்பாகிட்ட கூட சொல்லணும்னா நீ சரின்னாதான். மாத்தி சொல்லுன்னு சொல்ல மாட்டேன் சாமி. இப்ப யாராச்சும் அம்மான்னா நீ கதவுன்னே சொல்லு.

புதுப் பூட்டுக்கு மூணு சாவி கொடுத்தான். ஒண்ணு உங்கப்பாகிட்ட, ஒண்ணு என்கிட்ட, மூணாவது உனக்கு அனுப்பிருக்கேன். புனேல இருந்து ராத்திரி எத்தன மணிக்கு வந்து எறங்குனாலும் பெல்லு அடிக்க வேண்டாம், யாரையும் எழுப்ப வேண்டாம். உன் ரூம்ல மெத்தை போட்டுதான் இருக்கு, போன வாரம்தான் வெயில்ல காய வெச்சேன்.

மல்கோவால ரெண்டு இன்னும் காயாத்தான் இருக்கு, அரிசிக்குள்ள போட்டு வை, நாலு நாள்ல பழுத்துரும். சாவிய தட்டுவடைக்கு கீழ பழைய பேப்பர்ல சுத்தி வெச்சிருக்கேன், குப்பைன்னு தூக்கி போட்டுராத.

அம்மா