‘தமிழ்’ங்கிறது அஞ்சு எழுத்தாம்!

மாப்ள,

உன் கடிதம் வந்து மூணு வாரமாச்சு. அம்மா கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு எழுதியிருந்தே, நிம்மதி. பதில் தாமதமானதுக்குக் காரணம் போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸ் மென்பொருள்.

எங்க அகராதி வேலையில எத்தனை எழுத்துச் சொல்னு பார்த்துத் தேடணும். ‘தமிழ்’னு கொடுத்து லென்த் கேட்டா 5ங்குது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு யூனிகோடு குறியீடுகளை எண்ணுது. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மூணுன்னு சொல்லிடும். சரி, நாமே சி புரோகிராம் மொழியில ஒரு ஃபங்ஷன் எழுதிடுவோம்னு உக்காந்தேன்.

எழுதுறது பெரிய வித்தை இல்லடா. கம்பைல் பண்ணின எஸ்ஓ ஃபைலை (சர்வர் தனக்குள்ள ஏத்திக்கிற லைப்ரரி) சர்வரோட லைப்ரரி டைரக்டரியில வெச்சு, கிரியேட் ஃபங்ஷன் கட்டளையில ‘லாங்குவேஜ் சி’ன்னு சொன்னாப் போதும். ஆனா சூப்பர்யூசரா, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசரா இருந்தாத்தான் விடும். விடுமா பின்னே? நம்ம கோடு சர்வர் புராசஸுக்குள்ளேயே போய் உக்காருது, நடுவுல வேலி கிடையாது.

முதல் கூத்து: ஒரே சொல்லுக்கு ஒருதரம் 3, ஒருதரம் 4. எழுத்துச் சரத்தோட கடைசியில முடிவைக் காட்டுற பூஜ்ய பைட் இருக்கும்னு நம்பி எண்ணிட்டிருந்தேன். காலேஜ் லேப் பழக்கம்! போஸ்ட்கிரெஸ் டெக்ஸ்ட்ல அது இருக்காது. நீளம் முன்னாடியே எழுதியிருக்கும், அதைப் படிச்சு அங்கேயே நிக்கணும்.

திருத்தி மறுபடி கம்பைல் பண்ணி, புது ஃபைலை பழசு மேலேயே சிபி (காப்பி கட்டளை) அடிச்சேன். பழசை லோடு பண்ணி வெச்சிருந்த ஒரு புராசஸ் காலடி மண் சரிஞ்ச மாதிரி செத்துது. அதோட போச்சான்னா இல்ல. எல்லாருக்கும் பொதுவான ஷேர்டு மெமரி கெட்டிருக்கலாம்னு சர்வர் மத்த எல்லா கனெக்‌ஷனையும் வெட்டிட்டு தன்னைச் சரிபண்ணிக்க ரிகவரிக்குப் போயிடுச்சு. எதிர் சீட் அக்கா, “தம்பி, அரை மணி நேரமா அடிச்சது போச்சே”ன்னாங்க. டீ வாங்கிக் கொடுத்துச் சமாளிச்சேன்.

இப்ப பழசை நீக்கிட்டுத்தான் புதுசை வைக்கிறேன், அதுவும் முதல்ல டெஸ்ட் சர்வர்ல. ஏற்கெனவே லோடு பண்ணின கனெக்‌ஷன் பழைய கோடையேதான் ஓட்டும், மறுபடி கனெக்ட் பண்ணாத்தான் புதுசு வரும். இது தெரியாம ஒரு மதியம் முழுக்க இல்லாத பிழையைத் தேடினேன், சிரிக்காதே.

உன்கிட்ட ஒரு வேலை. ‘க்ஷ’வை என் ஃபங்ஷன் க், ஷ-ன்னு ரெண்டா எண்ணுது. ஒண்ணா, ரெண்டா? உங்கப்பா தமிழ் வாத்தியார்தானே, கேட்டு எழுது.

உன் பழைய ரூம்மேட்