மனப்பாடம் செய்து தாண்டுகிற தேர்வு இல்லை இது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வேலைவாய்ப்புப் பக்கத்தில் தகவல் பாதுகாப்புச் சான்றிதழ்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதையெல்லாம் எழுத ஆரம்பித்துவிட்டார்களே என்று சந்தோஷமாகத்தான் படித்துக்கொண்டு போனேன். அந்தச் சான்றிதழ்களில் ஒன்றான சிஐஎஸ்எஸ்பி (CISSP) தேர்வைப் பற்றிய பத்தியில், ஒரு மாதம் ஒதுக்கினால் போதும், முன்பு கேட்ட வினாக்கள் இணையத்தில் அப்படியே கிடைக்கின்றன, மனப்பாடம் செய்தால் தேறிவிடலாம் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. அந்தத் தேர்வில் ஒரு தடவை தோற்று, இரண்டாம் தடவை தேறியவன் நான். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், முதல் தடவை நானும் அதே வேலையைத்தான் செய்தேன். ஒரு பயிற்சி மையத்தில் 'இதைப் படித்தால் போதும்' என்று ஒரு வினாத்தொகுப்பைக் கையில் கொடுத்தார்கள், நானும் இரவும் பகலும் உட்கார்ந்து உருப்போட்டேன். அதில் பாடத்திட்டம் 10 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 2015-லேயே அதை 8 பகுதிகளாக மாற்றிவிட்டார்கள் என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை, அந்த அளவுக்குத்தான் என் தயாரிப்பு! எட்டு வருடமாக ஃபயர்வால், ரவுட்டர் என்று வலைப்பின்னல் கருவிகளோடே வாழ்ந்தவன், எனக்குத் தெரியாத பாதுகாப்பா என்ற மிதப்பு வேறு.

இன்னொரு நண்பர், அவர் பழைய காலத்து ஆள், 'தெரியாத கேள்வியைக் குறித்து வைத்துக்கொள், கடைசியில் திரும்பி வந்து பார்' என்று அறிவுரை சொல்லியிருந்தார். 250 கேள்விகள், 6 மணி நேரம் என்று தேர்வு நடந்த காலத்துக்கு அது சரி. 2017 கடைசியில் ஆங்கிலத் தேர்வை மாற்றிவிட்டார்கள். இப்போது குறைந்தது 100 கேள்விகள், அதிகபட்சம் 150, நேரம் 3 மணி. நீங்கள் விடை சொல்வதைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினத்தைக் கணினி தீர்மானிக்கும், ஒன்றைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போகவே முடியாது. அதிலும் 25 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது, அவை பரிசோதனைக்காகக் கலந்து வைத்தவை. எவை என்று மட்டும் சொல்லமாட்டார்கள்.

தேர்வறைக்குள் கைப்பேசி, கைக்கடிகாரம் எதுவும் கூடாது. எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, உள்ளங்கை நரம்பைக்கூட ஸ்கேன் செய்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். முதல் தடவை 100-ஆவது கேள்விக்கு விடையைச் சொடுக்கியதும் திரை அணையும் என்று காத்திருந்தேன். 101 வந்தது. வயிற்றில் ஏதோ கரைந்த மாதிரி இருந்தது. 100-இல் நின்றால் தேறிவிட்டோம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது, அதுவும் தப்பு. இந்த ஆள் தேறுவார், அல்லது தேறமாட்டார் என்று கணினிக்கு 95 சதவீதம் உறுதி வந்துவிட்டால் எந்தப் பக்கமாக இருந்தாலும் நிறுத்திவிடும். எனக்கு 130 தாண்டியும் போனது. வெளியே வந்தால் மேசையில் கவிழ்த்து வைத்த ஒரு தாள், அதில் பகுதி வாரியாக என் நிலைமை. வலைப்பின்னல் பகுதியில் தேவையான அளவுக்கு மேலே, ஆபத்தை எடைபோட்டுச் சமாளிக்கும் இடர் மேலாண்மையில் கீழே. உருப்போட்டதில் ஒரு கேள்விகூட வரவில்லை.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு பல நாள் யோசித்த பிறகுதான் புரிந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் எதைக் கழற்றி எதை மாட்டுவது என்பது. தேர்வு கேட்பதோ, யாரிடம் கேட்டுவிட்டுக் கழற்றுவாய் என்று. உண்மையான கேள்விகளைச் சொல்லமாட்டேன், வெளியே சொல்வதில்லை என்று ஒப்பந்தத்தில் சம்மதித்துவிட்டுத்தான் தேர்வே தொடங்கும். நானே ஒன்று கற்பனை செய்து சொல்கிறேன். சர்வர் அறையின் கதவுக்கு மின்பூட்டு போட வேண்டும். மின்சாரம் போனால் தானாகத் திறந்துகொள்ளும் பூட்டா, இறுகிக்கொள்ளும் பூட்டா? என் மாதிரி ஆள் யோசிக்காமல் இறுகுவதைத்தான் சொல்வான், உள்ளே இருப்பது தரவு அல்லவா! அந்த அறைக்குள் ஆட்கள் வேலை செய்கிறார்கள், வெளியேற வேறு வழியில்லை, தீப்பிடித்து மின்சாரம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மனித உயிர் முதலில், தரவு அப்புறம். இந்த ஒரு வரிசை மண்டையில் ஏறாமல் ஆயிரம் வினாக்களை உருப்போட்டு என்ன பயன்?

அதே மாதிரிதான் கணக்கும். 10 லட்சம் பெறுமானமுள்ள ஒரு சாதன அறை, வெள்ளம் வந்தால் அதில் 40 சதவீதம் போகும், வெள்ளம் 20 வருடத்துக்கு ஒரு தடவை வரும் என்றால், ஒரு தடவைக்கு இழப்பு 4 லட்சம், வருடக் கணக்கில் பார்த்தால் 20,000. இதைத் தடுக்க வருடம் 50,000 செலவாகும் ஒரு கருவியை வாங்கலாமா? என்னைக் கேட்டிருந்தால் அன்றைக்கு 'நல்ல கருவிதான், வாங்குங்கள்' என்று சொல்லியிருப்பேன். சூத்திரம் எனக்கு மனப்பாடம், அது எதற்கு என்றுதான் தெரியவில்லை.

'மேலாளர் மாதிரி யோசி' என்று எல்லோரும் இந்தத் தேர்வுக்கு ஒரு மந்திரம் சொல்வார்கள். பாதி உண்மை. தகவலை மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்கத்தில் எந்தச் சாவி பூட்டும், எந்தச் சாவி திறக்கும் என்று தெரியாதவர் மேலாளர் மாதிரி எவ்வளவு யோசித்தாலும் அந்தக் கேள்வியில் விழுவார்.

முதல் தோல்விக்குப் பிறகு 30 நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி. நான் நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம், பிறகு அலுவலகம், ஞாயிறு மட்டும் மாதிரித் தேர்வு. எனக்குக் கைகொடுத்தது ஒரு நோட்டுப் புத்தகம். மாதிரித் தேர்வில் தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடையை எழுதவில்லை, மற்ற மூன்றும் ஏன் சரியில்லை என்று எழுதினேன். பல இடங்களில் அந்த மூன்றும் தப்பே இல்லை, செய்ய வேண்டியவைதான், ஆனால் முதலில் செய்ய வேண்டியவை இல்லை. 'முதலில்', 'மிகச் சிறந்த' என்ற சொற்களைக் கண்டாலே கை தானாக நின்றுவிடும் அளவுக்கு எழுதினேன். இரண்டாம் தடவை கொடுத்த தாளில் மதிப்பெண்கூட இல்லை, தேறிவிட்டீர்கள் என்று மட்டும் இருந்தது. தேற 1000-க்கு 700 வேண்டும், நான் எவ்வளவு எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கட்டுரையில் இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. படிப்பு முடித்த கையோடு இந்தச் சான்றிதழை வாங்கி வேலைக்குப் போகலாம் என்கிற தொனியில் எழுதியிருந்தீர்கள். தேர்வை யாரும் எழுதலாம், சான்றிதழ் மட்டும் அப்படிக் கிடைக்காது. அந்த 8 பகுதிகளில் குறைந்தது இரண்டில் 5 வருட வேலை அனுபவம் வேண்டும், உரிய பட்டப்படிப்பு இருந்தால் ஒரு வருடம் குறையும். அனுபவம் இல்லாமல் தேறினால் துணை உறுப்பினர் மாதிரி ஒரு தகுதி தருவார்கள், அனுபவத்தைச் சேர்க்க 6 வருட அவகாசம். அனுபவம் இருப்பவர்களுக்கும் தேர்வோடு முடிந்துவிடாது, ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற ஒருவர் நம் அனுபவத்துக்கு உறுதி சொல்லி 9 மாதத்துக்குள் விண்ணப்பம் போக வேண்டும். நேர்மையாக நடந்துகொள்வேன் என்று நெறிமுறைக்கும் சம்மதிக்க வேண்டும். திருடிய வினாத்தாளைப் படித்துவிட்டு அதற்குச் சம்மதம் சொல்வதை நினைத்தால் எனக்கே இப்போது கூசுகிறது.

புதிதாகப் படித்து வெளியே வரும் பிள்ளைகள் உங்கள் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்கிறார்கள், என் தங்கை மகனே வெட்டி வைத்திருக்கிறான். 'அனுபவம் 5 வருடம்' என்பதை அடுத்த வாரம் அதே பக்கத்தில் ஒரு வரியாவது போடுங்கள், இணையத்தில் அப்படியே கிடைக்கும் வினாக்கள் என்ற வரியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்