பதிப்பு பொருந்தாவிட்டால் பில்ட் நிற்கட்டும்: லைவ் இமேஜ் கருவியின் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் கருவியைக் கொண்டு ஆறு ஆண்டுகளாக லைவ் இமேஜ்களை, அதாவது கணினியில் நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓடும் இயங்குதள இமேஜ்களை, தயாரித்து வருகிறேன். ஊதியம் எதுவும் பெறாமல், சொந்த நேரத்தைச் செலவிட்டு நீங்கள் செய்யும் பணியின் அருமை எனக்குத் தெரியும். சென்ற வாரம் எனக்கு நேர்ந்ததைச் சொல்லி ஒரே ஒரு கோரிக்கையை முன்வைக்கவே இதை எழுதுகிறேன். இமேஜில் சேரும் கெர்னலும் (இயங்குதளத்தின் மையக்கரு) இனிட்ரேம்எஃப்எஸ்ஸும் (தொடக்கத்தில் கெர்னலோடு நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) ஒரே பதிப்பைச் சேர்ந்தவையா என்று உங்கள் கருவி சரிபார்க்க வேண்டும். பொருந்தவில்லையென்றால் பிழையைச் சொல்லி அங்கேயே நின்றுவிட வேண்டும்.

கெர்னல் 6.1.99-லிருந்து 6.1.100-க்கு மாறியதும், வழக்கம்போல இமேஜைப் புதிதாகக் கட்டினேன். நாற்பது நிமிடம் ஓடி, முழுக் கோப்பு மரத்தையும் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற ஒற்றைக் கோப்பாகச் சுருக்கி, ஐ.எஸ்.ஓ கோப்பை எழுதி, கடைசியில் ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று பச்சை எழுத்தில் அறிவித்தது உங்கள் கருவி. அந்தப் பச்சை வரியை நம்பி முப்பது பென்டிரைவ்களில் எழுதிவிட்டேன். மெய்நிகர் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காதது என் தவறுதான், அதை மறைக்கவில்லை.

முப்பதும் ஒரே மாதிரி படுத்துக்கொண்டன. கணினியைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரான கிரப்பின் மெனு அழகாக வந்தது. என்டர் தட்டியதும் திரை கறுத்தது. மெனுவில் ‘இ’ விசையை அழுத்தி, கெர்னல் வரியிலிருந்த, செய்திகளை மறைக்கும் ‘கொயட்’ என்ற சொல்லை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றியபோதுதான், லைவ் கோப்பு முறைமை உள்ள ஊடகம் எதுவும் கிடைக்கவில்லை என்ற செய்தியும், அதன் கீழே கட்டளைகளைத் தட்டச்சிடும் அவசரகால ஷெல்லின் ப்ராம்ட்டும் தெரிந்தன. கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஆனால் எந்த விசையை அழுத்தினாலும் ஓர் எழுத்துகூட விழவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன்னால் மெனுவில் மேலும் கீழும் நகர்த்திய அதே விசைப்பலகைதான் அது. கிரப் ஓடும்வரை விசைப்பலகையைக் கவனித்துக்கொள்வது மதர்போர்டின் ஃபர்ம்வேர். கெர்னல் பொறுப்பேற்ற பிறகு அதற்கு யூ.எஸ்.பி மாட்யூல்கள் (தேவைப்படும்போது கெர்னலில் சேரும் டிரைவர் துண்டுகள்) வேண்டும். என் கெர்னலில் பென்டிரைவைப் படிக்கும் மாட்யூலும், ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸைத் திறக்கும் மாட்யூலும், விசைப்பலகைக்கான மாட்யூலும் எல்லாமே இனிட்ரேம்எஃப்எஸ்ஸுக்குள்தான் இருக்கின்றன. எந்தக் கோளாறு இமேஜை விழச் செய்ததோ, அதுவே காரணத்தைக் கேட்டறிய நான் நீட்டிய கையையும் கட்டிப்போட்டிருந்தது.

இரண்டு இரவுகள் பூட்லோடரைச் சந்தேகித்தே வீணாயின. ஃபர்ம்வேர் படிக்கும் இ.எஃப்.ஐ பகுதிக்கான ஃபேட் இமேஜை மறுபடி உருவாக்கினேன், கிரப்பின் அமைப்புக் கோப்பை வரி வரியாக ஒப்பிட்டேன், நம்பகமான கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்தேன், பென்டிரைவைக்கூட மாற்றினேன். பாவம், கிரப்பின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. கெர்னலையும் இனிட்ரேம்எஃப்எஸ்ஸையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டு அது ஒதுங்கிக்கொள்கிறது. அவை ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று பார்ப்பது அதன் வேலையன்று.

மூன்றாம் நாள் அதே ஐ.எஸ்.ஓ கோப்பை மெய்நிகர் கணினியில் ஏற்றினேன். அங்கேயும் அது விழுந்தது. ஆனால் மெய்நிகர் கணினி காட்டும் பழைய பி.எஸ்/2 விசைப்பலகைக்கான டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் இந்த முறை தட்டச்சு செய்ய முடிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் பதிப்பைக் கேட்டேன், 6.1.99 என்றது. மாட்யூல் அடைவில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்; 6.1.100 என்ற ஒற்றை அடைவைக் காட்டியது. தன் பதிப்பின் பெயரில் உள்ள அடைவில் மட்டுமே மாட்யூல்களைத் தேடும் ஏற்பாட்டில், அந்தக் கெர்னல் வெறுங்கையோடு நின்றதில் வியப்பில்லை.

காரணம் உங்கள் ஸ்கிரிப்டின் இரண்டு வரிகளில் இருக்கிறது. சேமித்து வைத்த அடிப்படைக் கோப்பு மரத்தில் பழைய கெர்னல் இருக்க, புதுப்பிப்பு அதன் பக்கத்திலேயே புதியதை வைத்துவிடுகிறது. கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் வரி, பெயர்களை அகரவரிசையில் அடுக்கிக் கடைசியில் நிற்பதை எடுக்கிறது. அகரவரிசையில் 100 என்பது 99-க்கு முன்னால் வந்துவிடும் என்பது எல்லோரும் ஒருமுறையாவது பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். இனிட்ரேம்எஃப்எஸ்ஸைத் தேடும் வரியோ கோப்பின் தேதியைப் பார்த்துப் புதியதைச் சரியாக எடுத்துவிடுகிறது. 98-லிருந்து 99-க்கு மாறியபோது இரண்டு வரிகளும் தற்செயலாக ஒத்துப்போயின. இதைத்தான் இத்தனை காலமும் நிலைத்தன்மை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அகரவரிசைப் பிழையைத் திருத்துவது எளிது. அதை மட்டும் கேட்டு இந்த மடலை நான் எழுதவில்லை. அடுத்த முறை வேறொரு காரணத்தால் பதிப்புகள் பிரியும். ஆகவே, ஐ.எஸ்.ஓ கோப்பை எழுதுவதற்கு முன் கருவி ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எக்ஸ்86 கெர்னல் கோப்பின் தலைப்பகுதியைப் படித்தால் அதன் பதிப்பு எழுத்துகளாகவே கிடைக்கும். இனிட்ரேம்எஃப்எஸ்ஸை விரித்தால் மாட்யூல் அடைவின் பெயர் கிடைக்கும். ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸாகச் சுருங்கவிருக்கும் மரத்திலும் அப்படியே. மூன்றும் ஒன்றா இல்லையா என்று பார்க்க ஒரு நொடி போதும். நாற்பது நிமிடம் ஓடும் பில்ட்டில் அந்த ஒரு நொடிக்கு இடமில்லை என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்றே நம்புகிறேன்.

பேச்சு வந்ததால் சொல்கிறேன். பழைய ஃபர்ம்வேரான பயாஸ் வழிக்கு ஒரு மெனுக் கோப்பு, புதிய யூ.இ.எஃப்.ஐ வழிக்கு இன்னொன்று என்று வைத்து, ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று பழையபடியே இருக்கும் ஏற்பாட்டை யார் எதற்காக விரும்பினார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. செக்யூர் பூட்டுக்காகக் கிரப்புக்கு முன் ஓடும் ஷிம், கையொப்பம் பொருந்தவில்லை என்று மறுத்தால், செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள் என்கிறது உங்கள் ஆவணம். கதவு திறக்கவில்லையென்றால் சுவரை இடித்துவிடுங்கள் என்பதைப் போல. தொடக்கச் செய்திகளை மறைக்கும் ‘கொயட்’ இயல்புநிலையாகவே இருக்கிறது. கணினி அமைதியாகச் சாக வேண்டும் என்பதில் நமக்குத்தான் எத்தனை அக்கறை! மன்னியுங்கள், குரல் சற்று உயர்ந்துவிட்டது. இவையெல்லாம் காத்திருக்கலாம்.

பதிப்புச் சோதனை மட்டும் காத்திருக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பொருந்தாத இமேஜை எழுதித் தராமல், எந்தக் கோப்பில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கருவி நின்றால் போதும். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம். நான் எழுதிப் பார்த்த பதினோரு வரிச் சோதனை ஸ்கிரிப்டை உங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். அதன் நடை உங்களுக்குப் பிடிக்காவிட்டால் தாராளமாகத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அதுவரை அந்தப் பச்சை வரியில் ‘வெற்றிகரமாக’ என்ற சொல்லையாவது எடுத்துவிட்டு, ‘முடிந்தது’ என்று மட்டும் வைத்திருக்க முடியுமா?

இப்படிக்கு,
உங்கள் கருவியை இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பயனர் ஒருவர்