ஸ்கார்பரோவுக்குத் திரும்ப வேண்டாம், கண்ணு

காவேரிப்பட்டணம்,
வைகாசி மாதம்

அன்புள்ள கண்ணுவுக்கு, அம்மா எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் கோபமாகப் பேசிவிட்டேன். "நம்ம ஜனம் இல்லாத ஊரில் என்ன வாழ்க்கை, பேசாமல் ஸ்கார்பரோவுக்கே திரும்பிப் போங்கள்" என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் போனைப் பையனிடம் கொடுத்துவிட்டாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. நேரில் பேசினால் நடுவில் அழுதுவிடுவேன், அதனால்தான் இந்தக் கடிதம்.

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் உன்னை விட்டுவிட்டு வந்தபோது என் மனசு நிம்மதியாக இருந்தது. கடை வாசலில் தமிழ்ப் பலகை, கூப்பிடு தூரத்தில் கோயில், காய்கறிக் கடையில் முருங்கைக்கீரை. உன் பிரசவத்தின்போது நான் விசா கிடைத்து வந்து சேர்வதற்குள், பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா பத்தியச் சாப்பாடு சமைத்துக் கொடுத்தாரே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அப்படிப்பட்ட ஊரை விட்டு, கனடாவின் கிழக்கே நியூ பிரன்சுவிக் மாகாணத்து மாங்டனுக்குப் போகிறோம் என்று நீ சொன்னதும் அட்லஸை எடுத்துப் பார்த்தேன். முப்பது வருஷம் உலகப்படம் மாட்டிப் பாடம் நடத்தியவள் நான். அந்த ஊர்மேல் ஒருநாளும் என் கோல் பட்டதில்லை. கனடா என்றால் டொராண்டோ, மான்ட்ரியல், வான்கூவர். பிள்ளைகளுக்கும் அந்த மூன்றைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

இந்த வாரம் முழுக்க அதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். 2021 கணக்கெடுப்பின்போது, அதற்கு முந்தைய ஐந்து வருஷத்தில் கனடாவில் குடியேறியவர்களில் 53.4 சதவீதம் பேர் அந்த மூன்று நகரங்களில் இருந்திருக்கிறார்கள். 2016 கணக்கில் 56 சதவீதம். இன்னும் பாதிக்கு மேல் அங்கேதான், ஆனால் இறங்கிக்கொண்டே வருகிறது. நீ இருக்கும் அட்லாண்டிக் மாகாணங்கள் நான்குக்கும் சேர்த்து 2006-இல் போனது புதிதாகக் குடியேறியவர்களில் 1.2 சதவீதம். 2021-இல் அது 3.5. உங்கள் நியூ பிரன்சுவிக்கில் பிறப்பைவிட இறப்பு கூடுதலாம். வயசுப் பிள்ளைகள் வேலை தேடி மேற்கே போய்விடுகிறார்கள், ஆஸ்பத்திரிக்கும் ஆலைக்கும் ஆள் இல்லை. அதனால்தான் 2017-இல் அந்த மாகாணங்களுக்கென்றே தனிக் குடியேற்றத் திட்டம் சோதனையாகத் தொடங்கி, 2022-இல் அதை நிரந்தரமாக்கினார்கள். டொராண்டோவில் சம்பளத்தில் பாதி வாடகைக்கே போகிறது என்று மாப்பிள்ளை சொன்னபோது அவர் மட்டும் போட்ட கணக்கு என்று நினைத்தேன். எத்தனையோ குடும்பங்கள் அதே கணக்கைப் போட்டிருக்கின்றன.

படித்ததில் ஒன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. 1986 ஆகஸ்டில், அந்த நான்கு மாகாணங்களில் ஒன்றைச் சேர்ந்த நியூபவுண்ட்லாந்துக் கடலில், மூடுபனிக்கு நடுவே இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத் தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். மீன்பிடிக்கப் போன கஸ் டால்டன் என்பவர் கண்ணில் பட்டார்கள். அவரும் மற்ற மீனவர்களும் அவர்களை ஏற்றிக் காப்பாற்றினார்கள். கரை சேர்ந்த பிறகு அவர்கள் அங்கே தங்கவில்லை. தெரிந்தவர்கள் இருந்த மான்ட்ரியலுக்கும் டொராண்டோவுக்கும் போனார்கள். வேறு எங்கே போவார்கள், பாவம்! உயிர் பிழைத்து வந்தவருக்கு முதலில் தன் பேச்சைப் பேசும் ஒரு வாய் வேண்டும். அவர்கள் கரையேறிவிட்டுக் கடந்து போன அந்தப் பக்கத்துக்குத்தான் இத்தனை வருஷம் கழித்து நீ டொராண்டோவிலிருந்து போயிருக்கிறாய். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது, உன்னைவிட்டால் யாரிடம் சொல்வது.

உன் தாத்தாவும் அப்படித்தான். பென்னாகரத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனபோது, அவர் அண்ணன் இருந்த கொட்டகையைத் தேடித்தான் போனார். அவர் பின்னால் எங்கள் தெருவே போனது. முதலில் போன அந்தப் பெரியப்பாவுக்கு யார் இருந்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

இப்போது நம் ஊருக்கும் ஆட்கள் வருகிறார்கள். சென்னை, திருப்பூர், அப்புறம் ஓசூர் என்று போன வடநாட்டுப் பிள்ளைகள், இங்கே மாங்கூழ் ஆலையிலும் கிரானைட் பட்டறையிலும் ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டத்திலும் நிற்கிறார்கள். நம் நாட்டுப் பிள்ளைகள்தான், பாஸ்போர்ட் வேண்டியதில்லை. ஆனால் வாய் திறந்தால் அந்நியம். நம் பின்வீட்டு ஒடிசாப் பையன் போன மாசம் வயிற்றுவலியில் துடித்தானே, ஒரு ஆஸ்பத்திரியில் அவன் சொல்வது யாருக்கும் புரியாமல் சாயங்காலம்வரை பெஞ்சில் கிடந்தான். நான் உனக்குப் போன் போட்டேன். அங்கே அப்போது காலை வேளை. உன்னோடு வேலை செய்கிற ஒடியாப் பெண்ணை எழுப்பி, டாக்டரிடம் பேசவைத்தாய். இரண்டு வருஷம் என் கொல்லைப்புறத்தில் குடியிருந்தவனின் பெயரை, கண்ணு, நான் அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது. இப்போது அவன் ஊரிலிருந்து இரண்டு பேர் புதிதாக வந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சீட்டு எங்கே போடுவது, எந்த டாக்டர் பொறுமையாகக் கேட்பார் என்று அவனே கூட்டிப்போய்க் காட்டுகிறான்.

மாங்டனிலிருந்தபடி நீ அந்த வேலையைச் செய்திருக்கிறாய், அதன் அருமை தெரியாமல் உன்னைத் திட்டியிருக்கிறேன். திரும்பிப் போகச் சொன்னதை மறந்துவிடு. பொங்கலுக்குப் பதினோரு குடும்பம் சேர்ந்தோம் என்றாயே, அடுத்த வருஷம் வரப்போகும் பன்னிரண்டாவது குடும்பத்துக்கு உன் வீட்டுக் கதவுதான் முதல் கதவு. எந்தக் கடையில் பச்சரிசி, குளிர்கோட்டு எங்கே மலிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க என்னென்ன காகிதம், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வை. பேரனுக்குப் பள்ளியில் பிரெஞ்சும் வருகிறதே என்று பயப்படாதே. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழ வளர்ந்தவள்தானே நீ.

பெங்களூரா மாங்காய் அறுப்பு நடக்கிறது. கேழ்வரகு மாவும் புளியும் மாங்காய் ஊறுகாயும் கட்டி வைத்திருக்கிறேன். அப்பா முழங்கால் வலி பரவாயில்லை.

உங்கள் ஊர் ஆறு தினம் இரண்டு தடவை பின்னால் ஓடுகிறது என்று பேரன் சொன்னான். ஃபண்டி விரிகுடாவின் ஓதம் ஏறி வருவதால் அப்படி என்று படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று பார்க்க வேண்டும். பனி விழுவதற்கு முன்னால், அக்டோபரில் வருகிறேன். டிக்கெட்டை டொராண்டோவோடு நிறுத்திவிடாதே, மாங்டன்வரைக்கும் போடு.

அன்புடன்,
அம்மா