தைப்பனிக் குளத்துக்கும் ஒரு பக்கம் தாங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ரெண்டு மாசத்துக்கு முன்னம் உங்கட ஞாயிறு வண்ணப் பக்கத்தில ஒரு கனடா ஏரிப் படம் போட்டிருந்தீங்கள், கரையெல்லாம் சிவப்பும் மஞ்சளுமா மேப்பிள் மரம், தண்ணிக்கு மேல வெள்ளையாப் பனிப்புகார். வெட்டியெடுத்து கடைச் சுவரில ஒட்டி வச்சிருக்கிறன். நான் திருக்கோணமலையில கலியாணவீடு, சாமத்தியவீட்டுக்குப் படம் எடுக்கிற ஆள், அதால அந்தப் படத்துக்குப் பின்னால எவ்வளவு நித்திரை முழிப்பு இருக்கெண்டு விளங்கும்.

என்ர மச்சான் டொரோன்டோவில இருக்கிறார். செப்டம்பர் கடைசியில நடுச்சாமத்தில வெளிக்கிட்டு அல்கொன்குவின் பார்க் எண்ட காட்டுப் பூங்காவுக்குப் போவார், மேப்பிள் சிவந்து நிக்கிறது ஒண்டு ரெண்டு கிழமைதான், பிந்தினா இலை கொட்டிப்போயிடும். கோடை வெயிலில சூடேறின ஏரித் தண்ணி அப்பவும் ஆறியிருக்காதாம், முகிலும் காத்தும் இல்லாத இரவில மேல இருக்கிற காத்து மட்டும் குளிர்ந்துபோக, தண்ணியில இருந்து எழும்புற ஆவி அதில பட்டுப் பனியாகுதாம். இதை அவர் போனில சொல்லேக்க எனக்கு எங்கட திருக்கோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளம்தான் ஞாபகம் வந்தது, ஏனெண்டா தை மாசம் அங்கயும் இதேதான் நடக்குது.

மாரி மழை விட்டு குளம் நிறைஞ்சு நிக்கும், விடிய அஞ்சரைக்கு அணைக்கட்டில நிண்டா உடம்பு நடுங்கும், ஆனா தண்ணிக்குள்ள காலை விட்டா இளஞ்சூடா இருக்கும். தைப்பனி தரையைத் துளைக்கும் எண்டு சும்மாவா சொன்னவை. போன வருசம் நான் நிக்கேக்க முதல்ல துடுப்புச் சத்தம்தான் கேட்டது, தோணியைக் காணேல்ல, கொஞ்சம் கொஞ்சமா ஒரு ஆளின்ர தோள், பிறகு வலைக் குவியல், பிறகுதான் தோணி. பக்கத்தில பட்ட மரத்தில ஒரு நீர்க்காகம் செட்டையை விரிச்சபடி அசையாமல் இருந்தது. ஏழு மணி தாண்ட வெயில் ஏறி எல்லாம் கரைஞ்சுபோச்சு. மேப்பிள் சிவப்பு எங்களிட்ட இல்லைத்தான், ஆனா மருதமரத்துக்குப் பின்னால சூரியன் வரேக்க அந்தப் பனி பிடிக்கிற செம்மஞ்சள் நிறத்தை நான் வேற எங்கயும் காணேல்ல.

அண்டைக்குக் கந்தளாயில நான் எடுத்த படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பினன், தெளிவில்லை எண்டு திரும்பி வந்திட்டுது. அது மனசில இன்னும் கிடக்கு ஐயா. பனி எண்டா தெளிவில்லாமத்தானே இருக்கும், அதுக்குள்ள எது தெரியுது எது மறையுது எண்டதுதானே படம். படிக்கிற பெடியளுக்கும் ஒண்டு சொல்லுறன், கமராவை அதின்ர பாட்டுக்கு விட்டா அது வெள்ளையைக் கண்டு வெளிச்சம் கூடிப்போச்செண்டு நினைச்சு பனியைச் சாம்பலாக்கிப்போடும், எக்ஸ்போஷரை, அதாவது படத்தில விழுற வெளிச்சத்தை, ஒரு ஸ்டொப் (ரெண்டு மடங்கா) கூட்டி வையுங்கோ. ஓட்டோ ஃபோகஸும் பனிக்குள்ள தடுமாறும், மரத்தின்ர விளிம்பைப் பாத்து கையால திருப்பிறதுதான் நல்லது. ஏசி போட்ட வான் வண்டியில போய் இறங்கின உடன லென்ஸில ஆவி படியும், அதுக்கும் கொஞ்சம் பொறுக்கோணும்.

கந்தளாய்க் குளம் எண்டா பேப்பரில ஒண்டில் வான்கதவு திறந்த செய்தி, இல்லாட்டி 1986 ஏப்ரல் 20 அணை உடைஞ்ச நினைவு. அதுகும் வரத்தான் வேணும், அண்டைக்குச் செத்த சனத்தை மறக்கேலாது. ஆனா குளக்கோட்டன் எண்ட ராசா கோணேசர் கோயிலுக்காகக் கட்டினதெண்டு எங்கட ஆக்கள் தலைமுறை தலைமுறையாச் சொல்லுற குளம், அதின்ர ஒரு விடியலை உங்கட வண்ணப் பக்கத்தில நான் இண்டைவரைக்கும் பாக்கேல்ல.

தை பிறக்கப் போகுது. தையிலயும் மாசியிலயும் கிழமைக்கு அரைப் பக்கம் தாங்கோ, கந்தளாய் மட்டுமில்லை, எந்த ஊர்க் குளமெண்டாலும் பரவாயில்லை, படத்துக்குக் கீழ குளத்தின்ர பேரும் மாசமும் போடுங்கோ. கேட்டா நானும் அனுப்புறன். அச்சில ஏத்தேக்க மட்டும் படம் மங்கலா இருக்கெண்டு நினைச்சு அந்த வெள்ளையைக் கறுப்பாக்கிப்போட வேண்டாமெண்டு அச்சுப் பகுதிக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ.

இப்படிக்கு,
படப்பிடிப்பாளர் ஒருவர்,
திருக்கோணமலை.